காரணக் கட்டத்தில் ஒரு மரணம்

போன வாரம் ஒரு மத்தியானம், கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக் கூடத்தில் அந்தக் கீபோர்டு இசை கேட்டது. நாலே நாலு சுரம். ஏறும், இறங்கும், நடுவில் ஒரு பெண் குரல் வந்து "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போகும், மறுபடி ஏறும். என் மனைவி ஏதோ ஒரு சினிமா செயலியை நிறுத்துவதற்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் மாதம் இலவசம் என்று ஆரம்பித்தது, இரண்டு வருஷமாகக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றிருக்கிறேன். அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

"இன்னாங்க, தேசிய கீதமா பாடுறாங்க? உக்காருங்க."

உட்காரவில்லை. பயிற்சியின் முதல் நாள் எங்களை இருபது நிமிஷம் அந்த இசையைக் கேட்க வைத்தார்கள். வாடிக்கையாளர் எப்படிக் காத்திருக்கிறார் என்று தெரிய வேண்டுமாம். எல்லாக் கம்பெனிகளும் அதை ஒரே கடையில் வாங்குகின்றன போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த இசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுபக்கத்தில் அது கேட்காது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பன்னிரண்டு பேருக்கும் வணக்கம். உங்கள் பயிற்சியாளர், ஒரு மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். பேச முடியாது. என் குரல்நாணில் கடுகளவு ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசலாம் என்று டாக்டர் ரேஷன் போட்டிருக்கிறார். நாற்பத்தெட்டு வயதில் ஓய்வு என்று சொன்னால் வங்கியில் நிமிர்ந்து பார்க்கிறார்கள். குரலை வைத்துச் சம்பாதித்தவன் நான், அது ஓய்வு கேட்டபோது நானும் கூடவே கிளம்ப வேண்டியிருந்தது. ஆகவே எழுதுகிறேன். எழுதும்போது எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்பது இந்த மூன்று மாதத்தில் கண்டுபிடித்த ஆறுதல்.

எதற்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஹெட்செட் பஞ்சின் புளித்த வாசனைக்கு. அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கி, இரும்புத் தூள் மணக்கும் சந்தில் நடந்து, மூன்றாவது மாடியின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் அடிக்கும் குளிருக்கு. நாற்பது பேர் ஒரே நேரத்தில், யாரென்று தெரியாத நாற்பது பேரிடம் தாழ்ந்த குரலில் பேசும்போது தரையிலிருந்து எழும்புமே ஒரு ரீங்காரம், அதற்கு. இரவில் மின்விசிறி சுற்றும் சத்தத்தில் அதைத் தேடிக்கொண்டு படுத்திருக்கிறேன். மின்விசிறி ஒரே ஒருவரிடம்தான் பேசுகிறது, அதுவும் ஒரே விஷயத்தை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்து சீட்டுக்கு. அவள் பெயரை எழுதக் கூடாது என்று அவளே வாட்ஸ்அப்பில் கட்டளை போட்டிருக்கிறாள், எனவே பக்கத்து சீட் என்றே இருக்கட்டும். நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது, வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலை மூடியிருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு, நான்கு வருஷ அனுபவம். முதல் நாள் என் ஹெட்செட்டைப் பிடுங்கிச் சரியான பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, "அண்ணா, இது பம்பு இல்ல. அமுக்குனா தண்ணி வராது. கேட்டாத்தான் வரும்" என்றாள். ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முழுப் பயிற்சியும் அதுதான்.

நாம் உட்காரும் பிரிவுக்குக் காகிதத்தில் பெயர் 'வாடிக்கையாளர் தக்கவைப்பு'. நாங்கள் வைத்த பெயர் கெஞ்சல் மேஜை. அப்போது நாங்கள் கெஞ்சியது ஒரு மருத்துவச் சலுகை அட்டைக்காக. பரிசோதனைக் கூடங்களில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும், அதற்கு மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும். சேர்வதற்கு ஒரு ஓடிபி போதும். விலகுவதற்கு எங்களைத் தாண்ட வேண்டும். நிறுத்தச் சொல்லி யார் கூப்பிட்டாலும் மூன்று சலுகைகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், மூன்று முறை அவர் 'வேண்டாம்' சொல்ல வேண்டும். அதுவரை திரையில் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். மூன்றும் சொன்ன பிறகும் பெரும்பாலான மனு மறுபரிசீலனைக்குப் போகும். அது திரும்பி வருவதற்குள் அடுத்த மாதத்துப் பணம் போயிருக்கும். நடுவில் எட்டு நொடிக்கு மேல் நாம் பேசாமல் இருந்தால் திரையின் மூலையில் சிவப்பு எரியும், மார்க் குறையும். உங்களுக்கும் அந்தச் சிவப்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். எத்தனை நொடி என்று மட்டும் மாறியிருக்கலாம்.

இரண்டு காரணங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. காரணக் கட்டத்தில் 'வெளிநாடு செல்கிறார்' என்று தேர்ந்தெடுத்தால் கெஞ்சல் கிடையாது, அந்த நிமிஷமே நின்றுவிடும். இன்னொன்று 'இறப்பு'.

கெஞ்சிக் கெஞ்சி வெட்கப்பட்டவர்கள் எங்கள் தளத்தில் பலர் இருந்தோம். யாரோ ஆரம்பித்தார்கள், வழக்கமாகிவிட்டது. ரொம்ப நொந்துபோய் ஒருவர் பேசினால் குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க ஒருவேள வெளிநாடு எதுவும் போறீங்களா?" என்று கேட்போம். புரிந்தவர் "ஆமாம்பா, துபாய்" என்பார், விடுதலை. புரியாதவர்கள், "நா எங்க சார் போறது, ரேஷன் கடைக்கே பையன்தான் போறான்" என்பார்கள். இன்னொரு தடவை மெதுவாகக் கேட்போம். "இல்ல சார், நல்லா யோசிச்சுப் பாருங்க, துபாய் மாதிரி எங்கயாவது…" ஒரு மாதம் மேலிடத்தில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பாதி அம்பத்தூரும் முக்கால்வாசி ஆவடியும் துபாய்க்குக் குடிபோயிருந்தது. மறுநாளே அந்தக் காரணத்தைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். (பக்கத்து சீட் இப்போது நிஜமாகவே புருஷனோடு துபாயில் இருக்கிறாள். "அண்ணா, நான் மட்டும்தான் பொய் சொல்லாம வந்தவ" என்று எழுதுகிறாள்.)

மிச்சம் இருந்தது 'இறப்பு'. அதைப் பற்றி அவள் ஒருமுறை என்னிடம், "அதுல மட்டும் கை வைக்காதண்ணா" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது, கையைக் காட்டி அப்புறம் என்றாள். நான் திரும்பக் கேட்கவில்லை. என் தவறு அன்றைக்கே, அந்தக் கேட்காத இடத்தில் தொடங்கிவிட்டது.

ஏகாம்பரம் கூப்பிட்டது நாலேமுக்கால் மணிக்கு. வெள்ளானூரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். பின்னால் காற்று அடிக்கும் கம்ப்ரசர் திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதற்கு மேலே கத்திப் பேசினார். நான் முதல் சலுகையை ஆரம்பித்தேன்.

"நைனா, நிறுத்து. நீ ஏழாவது ஆளு. ஆறு பேரும் இதே சலுகையத்தான் குட்த்தாங்க. பாங்க்ல கேட்டா கம்பெனிய கேளுன்றான், கம்பெனிய கேட்டா சலுகைன்றான். ஒடம்புக்கு எனக்கு ஒண்ணும் இல்ல நைனா, இந்தக் கார்டுதான் எனக்கு நோவு."

"எப்ப சார் சேர்ந்தீங்க?"

"நா எங்க சேர்ந்தேன்? ஆவடி மார்க்கெட்டாண்ட சுகர் டெஸ்ட் ஃப்ரீன்னு ஒரு பந்தல். வெரல்ல குத்துனான். போனுக்கு நம்பர் வரும் சொல்லுன்னான், சொன்னேன். ரத்தமும் பூட்ச்சு, துட்டும் பூட்ச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

"போன மாசம் ஒரு பொண்ணு, வெளிநாடு போறீங்களான்னு கேட்டுது. கடைய பூட்டிகினு ஆவடிக்குப் போறதே பேஜாரு, நீ வேறன்னேன். அப்பறம்தான் ஒரு கஸ்டமர் சொன்னாரு, ஆமான்னு சொல்லிருக்கணுமாமே. இப்ப சொல்றேன் எழுதிக்கோ. நா துபாய் போறேன்."

"சார், துபாய எடுத்துட்டாங்க சார்."

"துபாயவே எடுத்துட்டாங்களா!"

அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. ஏழு முறை கெஞ்ச வைக்கப்பட்ட ஒரு மனிதர், எட்டாவது முறையும் கூப்பிடப்போகிறவர், அப்படிச் சிரிக்கிறார். எனக்கு ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. அன்று காலையிலிருந்து முப்பது பேரைத் தடுத்து நிறுத்தியிருந்தேன். ஒருவரையாவது விட்டுவிட வேண்டும் போலிருந்தது. காரணக் கட்டத்தைத் திறந்தேன். 'இறப்பு' என்பதைத் தொட்டேன். பொத்தான் உடனே பச்சையானது. "ஆச்சு சார், நிறுத்தியாச்சு" என்றேன். "நல்லா இரு நைனா" என்றார்.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு கீழே டீ குடிக்கப் போனேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நெஞ்சு சூடாகும் அந்த நிமிஷத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். கெஞ்சும்போது எனக்கு எச்சரிக்கை இருந்தது. இரங்கும்போது இல்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் குரல். கோப்பைக் கடைசியாகத் தொட்டவருக்கே அழைப்பு வரும்படி அப்போது ஏற்பாடு. என் திரையில் ஏகாம்பரத்தின் கோப்பு சிவப்பாகத் திறந்தது.

"தம்பி, எங்கண்ணன் தவறிட்டாருன்னு உங்களாண்டருந்து மெசேஜ் வந்துகீது. ஏகாம்பரம். வெள்ளானூரு. நா அவரு தங்கச்சி தேவகி. நா ஸ்டேசன்ல நிக்கிறேன், திருமுல்லவாயல்ல. ஆவடி வண்டி வரப்போவுது. பழைய ஊட்லதான் வச்சிருக்காங்களா, வேற எடமா? எப்ப எடுக்குறாங்க? அந்தப் பக்கத்து ஆளுங்க நம்பர் ஒண்ணும் என்னாண்ட இல்ல தம்பி, அதான் உங்களாண்ட கேக்கறேன்."

பக்கத்து சீட் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். 'இறப்பு' என்று குறித்தால், அட்டையில் சேரும்போது கொடுத்த அவசரத் தொடர்பு எண்ணுக்கு மறுநாள் காலை இயந்திரம் தானாகவே இரங்கல் செய்தி அனுப்பும். 'உங்கள் அன்புக்குரிய திரு. ஏகாம்பரம் அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.' அவ்வளவும் தேர்ந்த தமிழில், பிழையில்லாமல்.

புத்தகத்தில் இதற்கு விதி உண்டு. உறுப்பினர் அல்லாத ஒருவரிடம் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது. 'சரிபார்த்து இரண்டு வேலை நாட்களில் தெரிவிக்கிறோம்' என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அப்படிச் சொன்னால் என் வேலை பிழைக்கும். அந்த அம்மாள் அடுத்த வண்டியில் ஏறி, ஆவடியில் இறங்கி, ஒரு மாலை வாங்கிக்கொண்டு பஞ்சர் கடை வாசலில் போய் நிற்பார்கள். நடுவில் எத்தனை நிமிஷம் அழுதிருப்பார்கள் என்பது எந்தப் பதிவிலும் வராது.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? பழக்க தோஷம், "ரொம்ப வருந்துகிறோம்மா" என்று ஆரம்பித்தேன். மன்னிப்பு கேட்பதாக எனக்கு நினைப்பு. சாவு விசாரிக்கிறவரிடம் 'வருந்துகிறோம்' என்றால் அவர் என்ன நினைப்பார்? மறுமுனையில் பிளாட்பாரத்தின் நடுவில் அந்த அம்மாள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

பக்கத்து சீட் அதற்குள் என் திரையைப் படித்துவிட்டாள். டீ டோக்கனின் பின்புறம் எதையோ கிறுக்கி என் கீபோர்டின் மேல் வைத்தாள். 'மொதல்ல உயிரோட இருக்காருன்னு சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்.'

"அம்மா, அவர் உயிரோட இருக்கார்."

அழுகை நிற்கவில்லை, கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னேன். அந்த மேஜையில் ஒன்றை மூன்று முறை சொல்வது எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் அன்றுதான் முதல் முறையாகத் தடுப்பதற்காக இல்லாமல், கொடுப்பதற்காகச் சொன்னேன்.

"இன்னா சொல்ற?"

"உங்க அண்ணன் உயிரோட நல்லா இருக்கார்மா. நான்தான் தப்பா குறிச்சேன். கம்பெனி இல்ல, மெஷின் இல்ல. நான்."

வண்டி வந்தது. அதன் இரைச்சல் என் காதுக்குள்ளேயே வந்து நின்றது போலிருந்தது. கதவோரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஹார்ன் அடித்தது, கிளம்பிப் போனது. பிளாட்பாரம் அமைதியானது. அவர்கள் ஏறவில்லை.

"இன்னாயா, வெளாட்றீங்களா? உங்கூட்ல யாருக்காச்சும் இப்டி அனுப்புவியா? பதினோரு வருசமா பேச்சில்ல எங்களுக்கு. பதினோரு வருசத்து அழுகய பத்து நிமிசத்துல அழுதுட்டேன்யா நானு."

திட்டட்டும் என்று இருந்தேன். திட்டு மெல்லக் குறைந்து, மூச்சாகி, பிறகு வேறு குரலாக வந்தது.

"நெஜமா நீ பேசுனியா அவராண்ட?"

"நேத்து சாயந்திரம் பேசினேன்மா. காத்து அடிச்சுக்கிட்டே பேசினார்."

"இன்னமும் அந்தக் கடையதான் வச்சிகினுகீறாரா… பேசறப்ப இருமுனாரா?"

"இல்லம்மா. சிரிச்சார்."

"சிரிச்சாரா."

அந்த ஒரு சொல்லைச் சுற்றி எவ்வளவு நேரம் அவர்கள் நின்றார்களோ. மூலையில் சிவப்பு எரிந்து எரிந்து அணைந்தது. வாடிக்கையாளர் தரப்பு மௌனத்துக்கும் நமக்குத்தான் மார்க் குறைப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"தம்பி. நா போன் பண்ணேன்னு அவராண்ட சொல்லாத."

"சரிம்மா."

"ஸ்டேசனு வரிக்கும் வந்தேன்னும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

பதிவாகிக்கொண்டிருக்கும் அழைப்பில், நாற்பது பேர் நடுவில், சத்தியம் செய்தேன்.

மேற்பார்வையாளர் அறைக்கு நானே போனேன். அவர் பதிவைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் கிடையாது. மாதக் கடைசி, அவருக்கு மேலேயும் ஒருவர் இருந்தார். "இந்த ஒரு பதிவு போதும் உன்ன வீட்டுக்கு அனுப்ப" என்றார். அனுப்பவில்லை. ஊக்கத்தொகை இரண்டு மாதத்துக்குப் போனது, என் கோப்பில் ஒரு கடிதம் ஏறியது. அதற்குப் பிறகு சான்றிதழ் வராமல் 'இறப்பு' என்று யாரும் குறிக்க முடியாதபடி ஆக்கினார்கள். ஒரு மனிதர் போனில் பேசி உறுதி செய்யாமல் இரங்கல் செய்தி போகாது என்றும் ஆக்கினார்கள். இன்று உங்கள் திரையில் அந்தக் கட்டத்தைத் தொட்டால் ஒரு பூட்டுப் படம் வருமே, அது என்னால் வந்த பூட்டு.

ஆனால் அன்று ஒரு வேலை மிச்சமிருந்தது. ஏகாம்பரத்தை உயிர்ப்பிக்க வேண்டும். அதற்கு அவரே போனில் தன் வாயால் உறுதி சொல்ல வேண்டும். நானே பேசுகிறேன் என்றேன். மேற்பார்வையாளர் கதவைக் காட்டினார்.

"நீயே சாவடிச்ச, நீயே எழுப்பு. மெசேஜ் போன விஷயத்த சொல்லாத. தொழில்நுட்பத் திருத்தம்னு சொல்லி முடி."

சீட்டுக்கு வந்தேன். பக்கத்து சீட் தன் அழைப்பை ஹோல்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். யாரோ ஒரு பாவப்பட்டவர் அந்த நாலு சுரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்காக.

"இன்னா சொல்லச் சொன்னாரு?"

"தொழில்நுட்பத் திருத்தம்னு."

"அந்த வார்த்தய சொன்ன, இனிமே உன்கூட டீ குடிக்க வரமாட்டேண்ணா."

எனக்கு அந்த நேரத்தில் வேலையைவிட அந்த டீ பெரிதாக இருந்தது. இப்படியெல்லாம்தான் மனிதன் முடிவெடுக்கிறான், பயிற்சிக் கையேட்டில் எழுதினால் நம்ப மாட்டார்கள். இப்போது வீட்டில் நாலு மணிக்கு மனைவி கொடுக்கும் டீ அதைவிட நன்றாகவே இருக்கிறது. குடித்து முடித்த பிறகும் தம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

போன் போட்டேன். அதே கம்ப்ரசர்.

"ஏகாம்பரம் சாருங்களா? நேத்து பேசினேனே, கார்டு கம்பெனி."

"அட, துபாய் நைனா! சொல்லு."

"சார், நீங்க உயிரோட இருக்கீங்கன்னு உங்க வாயால ஒரு தடவ உறுதி சொல்லணும்."

"கேள்வியே ஒரு மாதிரி கீதே. கீறேன். ஏன்?"

சொன்னேன். காரணக் கட்டத்தையும் நான் தொட்டதையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் இருந்த யாரிடமோ, "த்தோ பாரு, கார்ட நிறுத்தச் சொன்னா ஆளயே நிறுத்திட்டான்" என்றார். உயிர் வந்ததும் அட்டைக்கும் உயிர் வந்துவிடும், மறுபடி மூன்று முறை 'வேண்டாம்' சொல்ல வேண்டியிருக்கும், மறுபரிசீலனை இல்லாமல் இன்றைக்கே நிறுத்த எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

"படி. கேக்கறேன். உசுரோட இருந்தா இதெல்லாம் கேட்டுத்தான ஆவணும்."

முதல் சலுகை, மூன்று மாதத்துக்குப் பாதிக் கட்டணம். "வேணாம்."

இரண்டாவதைப் படிக்காமல் நிறுத்தினேன்.

"சார், இன்னொரு விஷயம். இறப்புன்னு குறிச்சதால ஒரு மெசேஜ் போயிடுச்சு. நீங்க சேரும்போது அவசரத்துக்குன்னு ஒரு நம்பர் குடுத்தீங்க இல்லையா, அதுக்கு. தேவகின்னு பேர் இருக்கு."

கம்ப்ரசர் நின்றது. யாரும் அதை நிறுத்தச் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. திடீரென்று அந்தக் கடையின் மற்ற சத்தங்கள் கேட்டன. ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ, தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கினால் வரும் குமிழிச் சத்தம்.

"அந்த நம்பரா குட்த்தேன் நானு?"

"ஆமா சார்."

"அவசரத்துக்கு யாருன்னு கேட்டான். ரத்தத்தப் பாத்துகினு நின்னேனா, வாயில அதான் வந்துட்ச்சு. எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான் நைனா. போட்டதில்ல. மாத்திகீறாளோ இன்னமோ."

மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேதக்காரப் பையனக் கட்டிகினா. மாதா கோயில்ல கல்யாணம், நா போவல. எனக்குத் தங்கச்சியே இல்லன்னு தெருவுல நின்னு கத்துனேன், ஊரே கேட்டுது. அவ அழுவல. வாசப்படியில நின்னுகினு சொன்னா, சரி, நீ செத்தா சொல்லி அனுப்பு, வரேன்னு." கொஞ்சம் நின்றார். "நீ சொல்லி அனுப்பிட்ட நைனா."

எட்டு நொடி எப்போதோ தாண்டியிருந்தது. பக்கத்து சீட் தன் வாடிக்கையாளரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் என் மேல் இருந்தது.

"மிச்சத்தையும் படி" என்றார் ஏகாம்பரம்.

இரண்டாவது சலுகை, ஒரு மாதம் கட்டணம் இல்லாமல் நிறுத்திவைப்பது. "வேணாம்."

மூன்றாவதைப் படிக்கும்போது என் குரல் ஒழுங்காக வரவில்லை. அந்த முடிச்சு அன்றைக்கே விழத் தொடங்கியதோ என்னவோ. 'உங்கள் குடும்பத்தில் நீங்கள் விரும்பும் ஒருவருக்கு முழு உடல் பரிசோதனை இலவசம்.'

"குடும்பத்துல ஒருத்தருக்கு" என்று அவர் தனக்குள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "வேணாம்" என்றார்.

பொத்தான் பச்சையானது. காரணக் கட்டத்தில் 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதினேன். அதுதான் முதலிலிருந்தே உண்மையான காரணம். ஏழு முறையும் அதைத்தான் சொன்னார், எங்கள் பட்டியலில் அதற்குத்தான் மரியாதை இல்லை. அமுக்கினேன். நின்றது. நிறுத்தியதற்கான குறுஞ்செய்தி வரும், அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், தானாகப் பணம் எடுக்க இந்தக் கம்பெனிக்குக் கொடுத்த அனுமதியை அங்கேயும் எழுதிக் கொடுத்து ரத்து செய்துவிடுங்கள் என்றேன். அப்படிச் சொல்ல நமக்கு அனுமதி கிடையாது. சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் யாரிடமெல்லாம் சொல்லாமல் விட்டேனோ, அவர்கள் என் இரவுகளில் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

"நைனா. ஒண்ணு கேக்கறேன். மெசேஜப் பாத்துட்டு அவ உங்களாண்ட போன் பண்ணாளா?"

சத்தியம் செய்திருந்தேன். 'இல்லை' என்று சொன்னால் இவருக்குத் துரோகம், 'ஆமாம்' என்றால் அந்த அம்மாளுக்கு. 'அந்தத் தகவலை வழங்க இயலாது' என்று ஒரு தயார் வாக்கியம் இருக்கிறது, உங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் ஒட்டியிருப்பார்கள். அதை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. பேசியே பிழைத்தவன் நான். அன்று என்னிடம் கொடுப்பதற்குப் பேச்சு இல்லாமல் இருந்தது, ஆகவே பேசாமல் இருந்தேன். சிவப்பு எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். லைனை மட்டும் பிடித்துக்கொண்டேன், அவர் என் மூச்சைக் கேட்கும்படியாக. அந்தப் பக்கத்தில் அவருடைய மூச்சு. இருமல் இல்லை.

மதிப்பெண் தாளில் அந்த மௌனத்தை இருபத்தாறு நொடி என்று குறித்து, பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள்.

"வரேன்னாளா?" என்று கேட்டார். அதற்கும் நான் பேசவில்லை.

ஏதோ ஒரு இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. கையைத் துணியில் துடைக்கும் சத்தமும். நடைமுறைப்படி நான்தான் கடைசியாகப் பேச வேண்டும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு நன்றி சொல்லி முடிக்க வேண்டும். கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். நீ வச்சுடு நைனா, நா ஒரு போன் பண்ணணும்."